க/பெ. குருசாமி

"யாருங்க அந்த மூக்கம்மாள்?"

குருசாமிக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. தேயிலைத் தோட்டத்து ஹெட் ஆபீசில் அவர் பெரிய கிளார்க். கேட்டது அவர் மனைவி சாந்தம்மாள். கேட்டுக்கொண்டே டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த மூக்கம்மாள்?"

"என்கிட்டயே கேக்கீங்களா? நேத்து கீழ் டிவிஷன்ல கம்பளி கொடுக்கையில பேர் கூப்பிட்டிருக்காங்க. 'மூக்கம்மாள், புருஷன் பேரு குருசாமி, பெரிய கிளார்க்'னு. லயத்து வீடுக அத்தனையும் சிரிச்சிருக்கு."

"வேற எவனாவது குருசாமியா இருக்கும்."

"இந்தத் தோட்டத்துல பெரிய கிளார்க் குருசாமி எத்தனை பேரு?"

நியாயமான கேள்விதான். குருசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழனி முருகன் மேல சத்தியமா அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது. எவனோ வேணும்னே பண்ணியிருக்கான். டிவிஷன் கிளார்க்குமாரு ஆளுக்கொரு விதமா கம்பளி லிஸ்ட் எழுதி அனுப்பினானுக. ஒருத்தன் பேரை முதல்ல போடுவான், இன்னொருத்தன் வேலையை முதல்ல போடுவான். எல்லாரும் ஒண்ணு போல எழுதணும்னு கண்டிச்சேன். அந்தக் கடுப்பு!"

"வந்த லிஸ்டைப் பார்த்தீங்கள்ல? அப்பத் தெரியலையா?"

"கட்டமெல்லாம் வரிசையா இருக்கான்னு பார்த்தேன். பேரை யாரு படிச்சா?"

நம்புகிற மாதிரியா இருக்கிறது? சாந்தம்மாள் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"நடு டிவிஷன்லயும் அவ பேரு இருக்காம். மேல் டிவிஷன்லயும் இருக்காம். டிவிஷனுக்கு ஒரு வீடா வச்சிருக்கீங்க?"

"கிளம்பு. மேல் டிவிஷன் கிளார்க் வேதமுத்துவை உன் முன்னாலயே கேக்கேன்."

"வாறேன். பெட்டியும் வரும். அங்க அவ இருந்தா, அப்படியே மறையூர் பஸ்ஸைப் பிடிச்சு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

கொழுந்து ஏற்றப் போகும் டிராக்டரில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. அந்தத் தூரத்து டிவிஷனுக்கு சாந்தம்மாள் அதுவரை போனதேயில்லை. கொழுந்து பறித்துக்கொண்டே கையசைத்த ஒவ்வொருத்தியையும், இவளோ என்று உற்றுப் பார்த்தாள்.

வேதமுத்து வாசலுக்கே ஓடி வந்தார். சாந்தம்மாளைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல். அலமாரியிலிருந்து ஒரு புதுக் கம்பளியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்களே வந்துட்டீங்களாம்மா? மூக்கம்மாள் பேருக்கு வந்ததைப் பத்திரமா வச்சிருக்கேன். வாங்கிக்கிடுங்க."

"நான் மூக்கம்மாள் இல்ல!"

வேதமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குருசாமியின் காதருகே வந்து, "சார், இந்தம்மாவுக்கு விஷயம் தெரியாதா?" என்றார். அது சாந்தம்மாளுக்கும் கேட்டது.

"யோவ், என் குடியைக் கெடுக்காத! அந்தப் பேரை உன்னை யாரு எழுதச் சொன்னா?"

"நீங்கதான் சார்."

சாந்தம்மாள் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

"இருங்கம்மா." வேதமுத்து பதறிப்போய், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த தாளைக் கழற்றினார். "சார் அனுப்பின மாதிரித் தாள் இது. 'இதில் உள்ளபடியே எழுதவும், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. முதல் வரியில மூக்கம்மாள் பேரு இருந்துச்சு. அதை எப்படி விடுறது? எல்லா டிவிஷன்லயும் முதல்ல அதை எழுதிட்டுத்தான் எங்க ஆளுக பேரை எழுதினோம்."

குருசாமி தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அட கூறு கெட்டவனுகளா! எந்தக் கட்டத்துல எதை எழுதணும்னு காட்டுறதுக்குச் சும்மா ஒரு பேரைப் போட்டேன்யா. புருஷன் கட்டத்துக்கு என் பேரையே போட்டேன். அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது! சாந்தா, போதுமா?"

சாந்தம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது கை பாதியில் நின்றது.

"ஏங்க, புருஷன் கட்டத்துக்கு உங்க பேரைப் போட்டீங்க, சரி. பொண்டாட்டி கட்டத்துக்கு என் பேரு வரலையா?"

"மாதிரிக்குத்தானே..."

"மாதிரிக்குத்தான். சட்டுன்னு மூக்கம்மாள்ங்கிற பேரு எப்படி வந்துச்சு?"

குருசாமியின் சிரிப்பு நின்றது.

"அது... எங்க ஊரு போடியில... சின்ன வயசுல, எதிர்த்த வீட்டுல..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாந்தம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேதமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, மறையூர் பஸ் எங்க நிக்கும்?"