அடைத்த வழி

மலை ஏறும்போதெல்லாம் அந்தக் காரின் கியர்பாக்ஸுக்கு உடம்பு கொதிக்கும். அதன் எண்ணெய் ரேடியேட்டருக்குள் போய்ச் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும். தினமும் இவர்கிட்ட போய் நிக்கணுமே என்று கியர்பாக்ஸுக்கு உள்ளூர ஒரு குறை.

ஒருநாள் மெக்கானிக் எண்ணெயைக் குளிர்விக்கவென்றே புதிதாக ஒரு கூலரை முன்பக்கம் மாட்டினார். எண்ணெய்க் குழாய்களை ரேடியேட்டரிலிருந்து கழற்றிக் கூலரோடு இணைத்தார். ரேடியேட்டரில் அவை இருந்த வாய்களை மூடிபோட்டு இறுக்கினார்.

"இனி உங்க தயவு வேண்டாம் அண்ணே," என்றது கியர்பாக்ஸ்.

கோடை சுகமாகக் கழிந்தது. மார்கழியில் கார் மலையூரில் ஓர் இரவு தங்கியது. காலையில் கிளம்பும்போது எண்ணெய் கூழாகக் கெட்டிப்பட்டிருந்தது. ஒவ்வொரு கியரும் இடித்து இடித்து விழுந்தது. கியர்பாக்ஸ் கூலரிடம் கெஞ்சியது.

"எனக்குச் சூட்டை எடுக்கத்தான் தெரியும்," என்றது கூலர்.

பக்கத்தில் ரேடியேட்டர், ஓடத் தொடங்கிய எஞ்சினின் சூடு ஏறி வெதுவெதுவென்று இருந்தது. போன மார்கழி வரைக்கும் எண்ணெயை இளக்கி அனுப்பியது யார் என்று கியர்பாக்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, கொஞ்சம் சூடு கொடுங்களேன்."

"மாட்டேன்னா சொல்றேன் தம்பி? நீ வர்ற வழியை அடைச்சுட்டாங்களே."