காத்திருக்கலாமா?

"வழவழா கொழகொழான்னு பேசாதம்மா. இந்தப் படத்துல என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லு."

பேராசிரியர் மேசையைத் தட்டினார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முசுடு. முகத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

நரம்பியல் மேல்படிப்புக்கான வாய்மொழித் தேர்வு. போன தடவை இதே அறையில்தான் அவள் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால், "படிச்சது போதும், வீட்டைப் பார்" என்று கணவர் சொல்லிவிடுவார். 

வெளிச்சப் பெட்டியில் ஒரு மூளை ஸ்கேன் படம். தேர்வுப் படங்களுக்கு எப்போதும் செய்வதுபோல, பெயர்மேல் பிளாஸ்திரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: ஏழு வயதுப் பெண் குழந்தை, இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி.

"மூளைக்குள்ள நீர் நிக்கிற அறைகள் லேசா வீங்கியிருக்கு சார். அடிப்பக்க உறை கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது. காசநோய் மூளைக்காய்ச்சலா இருக்கலாம்."

"இருக்கலாமா? எனக்கு வெளுப்பே தெரியலையே! முதுகுத்தண்டு நீர்லயும் கிருமி இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சலா இருந்தா?"

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். படத்தை விட்டுவிட்டுக் குறிப்பின் மீதி வரிகளைப் படித்தாள்.

"சார், குழந்தை ஒரு வாரமா எல்லார் மேலயும் எரிஞ்சு விழறாளாம். கழுத்து விறைச்சிருக்கு. நேத்துலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். இடது கண் வெளிப்பக்கம் திரும்பலை. தண்டு நீர்ல சர்க்கரை ரொம்பக் குறைவு. கிருமி கண்ணுல படலைங்கிறதுக்காக இல்லைன்னு சொல்ல முடியாது."

"படம் உறுதியாச் சொல்லலையே!"

"குழந்தை சொல்றாளே சார்."

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது. அவள் எழுந்தாள்.

"உட்காரு," என்றார் முசுடு. "அடுத்த ரிப்போர்ட் வரட்டும்னு ரெண்டு நாள் காத்திருந்தா என்ன?"

"காத்திருக்கக் கூடாது சார். இன்னிக்கே மருந்தை ஆரம்பிக்கணும்."

"மாசக்கணக்கா கொடுக்கிற மருந்து! சின்ன உடம்பு. கல்லீரல் கெட்டா யார் பொறுப்பு? நீயா?"

"ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கலாம் சார். தப்புன்னு தெரிஞ்சா நிறுத்திடலாம். காத்திருந்தது தப்பாப் போச்சுன்னா, போன மூளை திரும்பி வராது."

"பேசறது சுலபம். உன் குழந்தையா இருந்தா ஆரம்பிப்பியா?"

அவர் கத்திய கத்தலில் அடுத்த மேசையிலிருந்த தேர்வாளர் திரும்பிப் பார்த்தார்.  'நீங்க சொல்றதும் சரிதான் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தேறிவிடலாம். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"ஆரம்பிப்பேன் சார். என் குழந்தைன்னா இந்நேரம் முதல் மாத்திரை உள்ளே போயிருக்கும்."

 அவர் படத்தையே வெறித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. முசுடோடு மல்லுக்கு நின்று உருப்பட்டவர் யார், இந்தப் பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் மதிப்பெண் தாளைத் தொடவே இல்லை. கைபேசியை எடுத்து அழுத்தினார். மனைவியிடம் பேசும்போது குரல் உடைந்திருந்தது.

"ஏம்மா, அழாம கேளு. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பாப்பாவுக்கு உடனே மருந்தை ஆரம்பிக்கச் சொல்லு... இல்லை, நான் முடிவெடுக்கலை. அப்பனா இருந்துக்கிட்டு என்னால அவ ஸ்கேன் படத்தைப் பார்க்கவே முடியலை. இங்க ஒரு டாக்டர் இருக்காங்க, அவங்க சொல்றாங்க."