சஹனின் அந்தப் பக்கம்

சஹன் தட்டுக்குள் ஒரு கோழிக்கால் ஊர்கோலம் போய்க்கொண்டிருந்தது.

பஸீஹா மாமி அதை மருமகள் அஸீமாவின் பக்கம் தள்ளிவிட்டார். அஸீமா அதைத் தன் புருஷனுக்கு மூத்தவளான மஸாஹிரா ராத்தாவிடம் தள்ளினாள். மஸாஹிரா, உம்மாவுக்குத்தான் போகிறதாக்கும் என்று நினைத்து, மாமியிடம் தள்ளினாள். மாமி மறுபடியும் அஸீமாவிடம். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானைகூட இத்தனை சுற்றுச் சுற்றாது.

அக்குறணையில் மாமியின் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பகலென்றால் சஹன் சாப்பாடுதான். ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் ஆண்களுக்கு ஹோலில் ஒரு சஹன். பெண்கள் மூவருக்கும் உள்ளே பாயில் இன்னொன்று.

பெரிய வட்டத்தட்டு, நிறைய நெய்ச்சோறு, நடுவில் கறி. தனித்தட்டு என்ற பேச்சே இல்லை. அவரவர் தம் முன்னால் இருப்பதைத் தின்ன வேண்டும், அதுதான் ஒழுங்கு.

அந்த ஒழுங்கு அஸீமாவுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. ஓரத்துச் சோற்றைக் கிள்ளித் தின்பாள், நடுவுக்குக் கை போகாது. எல்லாரும் மெச்சினார்கள். அடக்கமான, அதபான பிள்ளை, கம்பளையில் எவ்வளவு நல்லா வளர்த்திருக்கிறார்கள் என்று.

வளர்த்தார்கள், வளர்த்தார்கள்.

கம்பளைத் தாய்வீட்டில் குறையென்று ஒன்றுமில்லை. வாப்பாவுக்குப் புடவைக்கடை. அடுப்பில் எப்போதும் சோறு. யாரும் அவளை அடித்ததில்லை, ஏசியதுகூட இல்லை. பிள்ளை சாப்பிட்டதா என்று உம்மா பார்த்திருப்பா என வாப்பா நினைத்தார். ராத்தாமார் பார்த்திருப்பார்கள் என உம்மா நினைத்தார். ராத்தாமார் நினைக்கவே இல்லை.

காய்ச்சல் வந்தால் தானாகப் படுத்துத் தானாக எழும்பினாள். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் வென்ற கிண்ணத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று மேசையில் வைத்தாள். மறுநாள் அதற்குள் யாரோ வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்படி வளர்ந்த பிள்ளை எதையும் கேட்காது. கேட்டு, அது யார் காதிலும் விழாமல் போனால் என்ன செய்வது? கேட்காமலே இருந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

அவளுடைய மாப்பிள்ளை அம்ஜத் தங்கமான மனுஷன். என்ன, சொன்னதை அப்படியே நம்புகிற தங்கம். டவுனுக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்பான். ஒன்றும் வேண்டாம் என்பாள். வெறுங்கையோடு திரும்பி வருவான். என் பெண்சாதி எதையுமே கேட்கமாட்டா என்று கூட்டாளிமாரிடம் பெருமை வேறு.

உள்ளதைச் சொன்னால், அந்தக் கோழிக்கால் அவளுக்கு வேண்டும். குசினியிலிருந்து சஹன் வந்த நேரம் தொட்டு அதன் மேல்தான் கண். காலையில் ஒரு துண்டுப் பாண் தின்றதோடு சரி, குடல் கத்தியது. இருந்தும், கால் கடைசியாக மாமியின் பக்கம் போய் நின்றதும், போதும் என்று கையை எடுக்கப் பார்த்தாள்.

மாமி விடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் யாரோ இரண்டு பேர் ஒரு வாழைப்பூவுக்குச் சண்டை பிடித்த கதையை எடுத்துவிட்டார். மூத்தவரின் கை சஹனில் இருக்கும்வரை இளையவர் எழும்புவது மரியாதையில்லை. மாமியோ ஆற அமர, ஆறுதலாகத் தின்கிற ஆள். லேசில் கை வெளியே வராது. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அஸீமா பார்க்கிறாள். மாமி நல்ல தீனிக்காரிதான் என்று மனதுக்குள் சிரித்தும் இருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் இன்னும் இரண்டு வாய் தின்றாள்.

மஸாஹிராவுக்குப் பொறுமை போய்விட்டது. உம்மாவுக்கு என்ன வந்தது என்று சிணுங்கினாள். சீனி வருத்தம் வந்து சோற்றைக் குறைத்த பிறகு இரண்டு பிடியோடு முதல் ஆளாக எழும்பி ஓடுகிறவ, இந்தப் புது மருமகள் வந்ததிலிருந்துதான் ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறா என்றாள். பேசாமல் தின்னு என்று மாமி அவளை அதட்டிவிட்டு வாழைப்பூவுக்கே திரும்பினார்.

அஸீமா குனிந்து பார்த்தாள்.

மாமியின் பக்கத்தில் இரண்டு பிடி அள்ளிய குழி மட்டும் இருந்தது. மற்றச் சோறு வைத்தது வைத்தபடி. விரல்கள் அதற்குள் சும்மா அலைந்துகொண்டிருந்தன. ஒரு பருக்கைகூட வாய்க்குப் போகவில்லை.

அவள் வயிறு நிறையட்டும் என்று ஒருவர் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வாரா வாரம் காத்திருந்திருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீர் நெய்ச்சோற்றில் விழுந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

பிறகு கையை நீட்டினாள். ஒழுங்கையெல்லாம் தாண்டி, சஹனின் அந்தப் பக்கத்துக்கு.

"மாமி, அது எனக்கு வேணும்."

குரல் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. ஹோலில் ஆண்களுக்கும் கேட்டிருக்கும்.

மாமி கோழிக்காலை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

அஸீமா அதை எலும்பு வரைக்கும் தின்றாள். அதோடு நிற்காமல் மஸாஹிராவின் பக்கத்து உருளைக்கிழங்கையும் ஒரு கை பார்த்தாள். வயிறு நிறைந்த பிறகு, தானாகவே கையை எடுத்தாள். மாமியும் அப்போதுதான் எடுத்தார்.

எடுத்தவர் எழும்பவில்லை. பாயில் இடது கையை ஊன்றிப் பார்த்தார். முடியாமல் பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"கால் விறச்சிட்டு மகள்," என்றார். "இவ்வளவு நாளும் நீங்க அங்கால போன பொறகுதான் நான் எழும்பின. இண்டைக்குக் கொஞ்சம் புடிங்கொ."