கையுறை போட்ட சம்பந்தி

மாப்பிள்ளையின் அம்மா மியங்ஓக் இரண்டு கைகளையும் நீட்டினாள். பெண்ணின் அம்மா கில்ஜா, வெள்ளைக் கையுறை போட்ட தன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, தலையை மட்டும் தாழ்த்தி வணங்கினாள்.

“கழட்டித் தொலையேம்மா,” என்று மகள் ஹேஜூ காதோரம் சீறினாள். “துணிக்கடை முதலாளியம்மா இப்படியா உக்காருவாங்க?”

துணிக்கடை என்பது மாப்பிள்ளை வீட்டில் ஹேஜூ சொல்லிவைத்த பொய்.

உணவகத்தின் தனியறையில் குளிருக்காகத் தரையை நன்றாகச் சூடேற்றியிருந்தார்கள். உட்கார உட்கார கில்ஜாவின் விரலிடுக்குகளில் அரிப்பு கிளம்பியது. கைகளைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டாள்.

“உள்ள வைர மோதிரமா சம்பந்தி? எங்க கண்ணு பட்டுடுமா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவர் மட்டும்தான் சிரித்தார்.

கில்ஜா பேச்சை மாற்றினாள். “மாப்பிள்ளையோட பாட்டி கல்யாணத்துக்கு வருவாங்களா?”

“எங்க அம்மா கனடால அண்ணன் வீட்டுல இருக்காங்க. அவ்வளவு தூரம் எங்க வர்றது?” மியங்ஓக் நிறைந்திருந்த தம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

நடுவில் கொதிக்கும் குழம்புச் சட்டி வந்தது. எல்லோரும் அந்த ஒரே சட்டிக்குள் தங்கள் கரண்டியை விட்டு அள்ளிச் சாப்பிட்டார்கள். கில்ஜா அசையவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா கரண்டியை வைத்தார். “ஒரே சட்டியில எங்களோட சாப்பிட மனசில்ல. பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடலாமே.”

ஹேஜூவின் கண்கள் நிறைந்தன. அதைப் பார்த்ததும் கில்ஜா கைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எனக்குக் கடையெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியில வயசானவங்களப் பாத்துக்கிற வேலை. கையில சொறி. தோலுக்குள்ள பூச்சி துளை போட்டுக்கிட்டே போகுமே, அது. மருந்து போட்டாச்சு. இன்னும் நாலு நாள் யாரையும் தொடாதேன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”



“எந்த ஆஸ்பத்திரி?” என்றாள் மியங்ஓக்.

“ஆத்தங்கரை முதியோர் ஆஸ்பத்திரி. ரெண்டாம் மாடி, சன்னலோரக் கட்டில்ல ஒரு வயசானம்மா. அந்தம்மாவப் பாக்க யாரும் வர்றதில்ல. கையுறையோட தொட்டா அழுவாங்க. அவங்களுக்குச் சொறின்னு தெரிஞ்சும் வெறுங்கையாலதான் குளிப்பாட்டினேன். தப்பு என்னோடதுதான்.”

மியங்ஓக் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவள் கணவர் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது,” என்றாள் ஹேஜூ. “இப்ப திருப்தியாம்மா?”

கில்ஜா பின்னாலேயே ஓடினாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி மியங்ஓக் நின்றிருந்தாள்.

“என்மேல இருக்கிற அருவருப்ப என் பொண்ணுமேல காட்டாதீங்க சம்பந்தி. அவ என்னோட தங்குறதுகூட இல்ல. அவளுக்கு ஒண்ணும் வராது.”

மியங்ஓக் திரும்பினாள். கில்ஜாவின் கையுறையை மெல்ல உருவினாள். சிவந்து தடித்திருந்த விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, விடுங்க. ஒட்டிக்கும்.”

அவள் விடவில்லை. குனிந்த தலையும் நிமிரவில்லை.

“சன்னலோரக் கட்டில்ல இருக்கிற அம்மாவுக்கு இடது காது கேக்காது சம்பந்தி. வலது பக்கம் நின்னுதானே பேசுவீங்க?”