காயாத புல்

அறுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில், கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் அங்கங்கே உள்ளங்கால் அளவுக்குப் புல் கருகியிருந்ததைத் தோட்டக்காரன் தனகோட்டிதான் முதலில் பார்த்தான். மஞ்சள் திட்டுகள், அவற்றின் மேல் சிலந்தி வலை மாதிரி வெள்ளைப் படலம்.

"பூஞ்சைய்யா," என்றார் சூப்பர்வைசர் மாடசாமி. "ஈரப் புல்லை எவனோ மிதிச்சிட்டுப் போறான். மிதிச்ச இடமெல்லாம் ஒட்டிக்கிடும். ஒரு வாரம் தண்ணி விடாதே. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடி. இது அடங்கலைன்னா உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எந்த மூஞ்சியோட கேக்கிறது?"

தனகோட்டி மருந்தடித்தான். குழாயை இறுக மூடினான். மிதிப்பவனைப் பிடிக்கப் புல்தரையைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளும் தூவினான். தூள் ஒரு நாளும் கலையவில்லை. உள்ளே திட்டுகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஏழாம் நாள் நடுப்பகலில் மாடசாமி தனகோட்டியோடு மாடியில் நின்று பார்த்தார். திட்டுகள் இடதும் வலதுமாக அடிவைத்து நடுத்தரை வரை போய், அங்கிருந்து திரும்பியிருந்தன.

"நடுவுல என்னய்யா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்லீங்க. முன்ன எங்க ஊரு கெணறு இருந்துச்சி. கம்பெனிக்கு நெலம் எடுத்து வூடெல்லாம் காலி பண்ணப்ப மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க."

தனகோட்டி இறங்கிப் போய்ப் பார்த்தான். திரும்பிய தடத்தின் இடப்பக்கம் மட்டும், இடுப்புக் குடம் தளும்பிச் சிந்தியதுபோல, காசளவு காசளவாகப் புல் பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது.

"கொழாயத் தெறந்தியா?" மாடியிலிருந்து மாடசாமி கத்தினார்.

"இல்லீங்க, ஏழு நாளாச்சிங்க."

குனிந்து ஒன்றைத் தொட்டான். விரல் நனைந்தது.