எண்ணெய்க்காரன்

வரைபடத்தில் ஒரு விமானம்கூட இல்லையென்றால் நல்ல செய்தி என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்?

வளைகுடாவில் கிரேன் ஓட்டும் தொபியாஸும் அப்படித்தான் நினைத்தான். போர் விமானப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் அவன் ஒருவன். பறக்கிற விமானங்களைக் காட்டும் போன் வரைபடத்தில் குண்டு போடப் போகிறவை தெரியாது; அவற்றுக்கு நடுவானில் எண்ணெய் ஊற்றும் பெரிய விமானம் தெரியும். அது எந்தப் பக்கம் வட்டமடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஊருக்கு அன்றைக்கு அடி.

அறைத்தோழர் ஜெபசிங்கின் மனைவி பெனிட்டா, கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கிற ஊரில் நர்ஸ். வேலை முடிந்து வந்ததும் ஜெபசிங் கேட்பார்: "மக்கா, எண்ணெய்க்காரன் இன்னைக்கு எங்க சுத்துகான்?" அதைக் கேட்டுத்தான் அவள் ஆஸ்பத்திரி நிலவறையில் படுப்பதா, மாடியில் படுப்பதா என்பது முடிவாகும்.

அன்று திரை காலி.

"ஒருத்தனையும் காணல்லண்ணே. லீவு போட்டுட்டானுவ போல."

ஜெபசிங் சிரித்தபடி போனை எடுத்தார். "பெனிட்டா, இன்னைக்காவது மேல போயி காலை நீட்டிக் கெட. மூட்டைப்பூச்சிக்குத் துணைக்குப் படுத்தது போரும்."

சாப்பிட்டுவிட்டுத் தொபியாஸ் குழுவைத் திறந்தான். 'பெரிய அடி என்றால் எண்ணெய் விமானமும் இடம் காட்டும் சிக்னலை அணைத்துவிடும். இன்றைக்குத்தான் ஆட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். பழக்கதோஷத்தில் தொபியாஸும் ஒன்றைத் தட்டினான். பிறகுதான் அந்த வரியை மறுபடி படித்தான்.

"அண்ணே, அக்காளக் கீழ போவச் சொல்லுங்க."

"ஏம்ல? நீதான ஒண்ணுமில்லன்ன?"

அவள் போன் அணைந்திருந்தது. தூக்கம் கெடக் கூடாதென்று அணைத்திருப்பாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்கு எண்ணெய் விமானங்கள் வரைபடத்தில் தெரிந்தன. தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.