மூணாவது இட்லி

"ஏலே மலையாளத்தான்! முதல்ல நீ தின்னு. நீ சாகலேன்னா அப்புறம் நான் திங்கிறேன்."

பந்தல்குடி ரோட்டோரக் காப்பி கிளப்பே திரும்பிப் பார்த்தது.

யுத்த காலம். மாவில் எதைக் கலக்கிறான், எண்ணெயில் எதை ஊற்றுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்காக இரண்டு இலை போடச் சொல்லி, பரிமாறுகிறவனை எதிரே உட்காரவைத்துத் தின்னச் சொன்ன ஆள் இருளப்பசாமி ஒருவர்தான். கரிசல்காட்டில் உழுது விதைக்கும் சம்சாரி. வாயைத் திறந்தால் வசவு.

குட்டப்பன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். கொல்லத்துப் பக்கம் பஞ்சம் என்று பிழைக்க வந்தவன். ஓர் இட்லி தின்றான். எழுந்தான்.

"உக்காருலே. மூணையும் தின்னு. மூணாவது இட்லியில விசம் இருந்தா?"

கடை சிரித்தது.

மூலையில் கரியில் ஓடும் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஏசுவடியான் சிரிக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பரதேசியை உபசரியுங்கள் என்று வேதக்கோயிலில் பிரசங்கம் பண்ணுகிறவர். தினமும் இந்தக் கூத்தைப் பார்த்து அவருக்குக் காப்பி இறங்குவதில்லை. அன்று பொறுக்க முடியவில்லை.

"பெரியவரே, அவன் மனுசனா, உங்க வீட்டு எலியா?"

"உம்ம பஸ்ஸு வந்தா ஏறிப் போரும்."

ஏசுவடியான் நேரே முதலாளி பால்சாமியிடம் போனார்.

"ஊர் விட்டு ஊர் வந்தவனை இப்படியா நடத்துறது? இனிமே இது நடந்தா நான் படியேற மாட்டேன். பள்ளிக்கூடத்து ஆளுக ஒருத்தரும் வர மாட்டாக."

பால்சாமிக்கும் அது வசதிதான். கூட்ட நேரத்தில் ஆள் உட்கார்ந்து தின்றால் பரிமாறுவது யார்?

"ஐயா சொன்னாச் சரி. ஏ குட்டப்பா, ருசி பாக்கிற வேலை இன்னையோட நின்னுபோச்சு."

குட்டப்பன் வாத்தியாரைப் பார்த்தான். நன்றி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இருளப்பசாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்தாலும் வெறும் காப்பிதான்.

அடுத்த வாரம், தம்ளர்களோடு வந்த குட்டப்பன் தூணைப் பிடித்தபடியே சரிந்தான். தம்ளர்கள் உருண்டன.

"இன்னொரு தடவை கொட்டினா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊரைப் பாத்துப் போயிரு!" பால்சாமி கத்தினார்.

வாத்தியார் அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"காய்ச்சலா?"

"இல்லை சாரே. பசி."

"சாப்பாட்டுக் கடையில நின்னுக்கிட்டா பசி?"

"மத்தியானம் அடுப்பு அணைஞ்ச பிறகுதான் எங்களுக்குச் சோறு. முதலாளி சட்டம்."

"அப்ப இத்தனை நாளும்?"

"பெரியவர் இருந்தாரே."

வாத்தியார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"முதல்ல எனக்குன்னு சொல்லித்தான் இட்லி வாங்கித் தந்தார் சாரே. பிச்சை வேண்டாம்னு ஞான் சொன்னேன். மறுநாள்தான் அவருக்கு விஷ பயம் வந்தது."

மறுநாள் காலை. இருளப்பசாமி மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஏசுவடியான் நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு இலை போடச் சொன்னார். இட்லி வந்தது. தொண்டையைச் செருமினார். பிரசங்கம் பண்ணிப் பழகிய தொண்டை. வசவு லேசில் வரவில்லை.

"ஏ... ஏலே மலையாளத்தான்! முதல்ல நீ தின்னு!"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் முகம் சுளித்தார்கள்.

"ஐயா, நீங்களுமா?" என்றார் பால்சாமி.

"யுத்த காலம்யா. எவனை நம்புறது?"

குட்டப்பன் உட்கார்ந்தான். இட்லியைப் பிட்டான்.

தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே இருளப்பசாமி சொன்னார்:

"மூணாவதையும் தின்னச் சொல்லும் வாத்தியாரே. அதுலதான் இருக்கும்."